பழைய அலமாரிக்கும் புதுக் காருக்கும் என்ன சம்பந்தம்?

இருங்காட்டுக்கோட்டை என்றால் எல்லோருக்கும் கார்தான் ஞாபகம் வரும். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது இந்த ஊர். இங்கேயிருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 1998-ல் சான்ட்ரோ வெளியே ஓட ஆரம்பித்தது. கார் பந்தயத் தடம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. அப்புறம் சிப்காட், உதிரிபாகக் கம்பெனிகள், கன்டெய்னர் லாரிகள் என்று ஒரகடம் வரைக்கும் நீளும் தொழிற்சாலை வரிசை...

இந்தக் கட்டுரை காரைப் பற்றியது அல்ல. வீட்டில் இருக்கும் பழைய மர அலமாரியை வீட்டிலேயே தேய்த்துப் பாலிஷ் போடுவதைப் பற்றியது. அதற்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டு சம்பந்தம் இருக்கிறது. ஒன்று பெயிண்ட், இன்னொன்று மரம்.

டூகோ எங்கிருந்து வந்தது?

கட்டிலுக்கோ பீரோவுக்கோ என்ன அடிக்கலாம் என்று பெயிண்டரைக் கேட்டுப் பாருங்கள். "டூகோ அடிச்சிடலாம் சார், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார். டூகோ என்பது ஏதோ ஒரு பெயிண்டு வகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பிராண்டு பெயர். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1920-களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு வைத்த பெயர் அது. அது செய்யப்பட்டது மரத்துக்காக அல்ல, காருக்காக!

அதற்கு முன்னால் கார் என்பது ஏறக்குறைய குதிரை வண்டி மாதிரிதான் இருந்தது. பெரும்பாலான கார்களின் உடல் மரச்சட்டத்தின் மேல்தான் கட்டப்பட்டது. கோச் வண்டிக்கு அடிக்கும் அதே எண்ணெய் வார்னிஷைத்தான் காருக்கும் பிரஷ்ஷால் அடித்தார்கள். ஒரு பூச்சு காய வேண்டும், தேய்க்க வேண்டும், அடுத்த பூச்சு அடிக்க வேண்டும். ஒரு காரின் பெயிண்டு வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924 மாடல் ஓக்லேண்ட் கார்களுக்கு டூகோ அடித்தபோது அந்த வாரங்கள் நாள்களாகவும், பிறகு மணிக்கணக்காகவும் சுருங்கின. ஸ்பிரே துப்பாக்கியில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும், பூச்சு நிற்கும். அவ்வளவுதான்.

பிறகு கார்கள் வேறு பூச்சுகளுக்கு மாறிவிட்டன. மரச்சாமான் உலகம் மட்டும் டூகோ என்ற பெயரை விடாமல் பிடித்துக்கொண்டது. காருக்காகப் பிறந்த பூச்சு, கார் கைவிட்ட பிறகு தமிழ்நாட்டுக் கட்டில்களில் வாழ்கிறது.

இன்றைய கார் தொழிற்சாலையில் வேலையே வேறு. தகடு முதலில் பல தொட்டிகளில் கழுவப்படும். பிறகு முழு உடலையும் பெயிண்டுத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஒட்டவைப்பார்கள். அதை 160 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் சுடுவார்கள். அதற்கு மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட். இத்தனையும் சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிய தோல்தான் வெயிலிலும் மழையிலும் பத்துப் பதினைந்து வருஷம் தகட்டைக் காப்பாற்றுகிறது. மறுபடி பெயிண்டு அடிக்கவே தேவைப்படக் கூடாது என்பதுதான் அதன் குறிக்கோள்.

காருக்கு அது சரி. வீட்டு அலமாரிக்கும் அதையே எதிர்பார்ப்பதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

திரும்ப எடுக்க முடிகிற பூச்சு

இப்போது மரத்துக்கு அடிக்கும் விலையுயர்ந்த பூச்சு பி.யூ., அதாவது பாலியூரிதேன். தொழில்முறையாக அடிப்பது பெரும்பாலும் இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பூச்சு, இன்னொன்றில் இறுக்கி. இரண்டையும் கலந்ததும் ரசாயன மாற்றம் தொடங்கிவிடும். காய்ந்த பிறகு ஸ்பிரிட், தின்னர் எதுவும் அதைக் கரைக்காது. தண்ணீர், எண்ணெய், காபி, சாம்பார் எல்லாவற்றையும் தாங்கும். சமையலறைக் கதவுகளுக்கு இதைவிட நல்லது கிடையாது, சந்தேகமே இல்லை.

ஆனால் அதில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால்? அந்த இடத்தை மட்டும் கரைத்துச் சரிசெய்ய முடியாது. புதுப்பூச்சு பழைய பூச்சோடு கலக்காது, மேலே தனியாக உட்காரும், ஓரம் தெரியும். பெரும்பாலும் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஆள் கூலி, ஸ்பிரே மெஷின், தூசி இல்லாத இடம் எல்லாம் வேண்டும். "இந்தச் செலவுக்கு புதுசே வாங்கிடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பழைய அலமாரி அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான பூச்சு அரக்கு. அரக்குக் கலர் புடவை என்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான அதே அரக்குதான். ஒரு சின்னஞ்சிறு பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினைக் கூடாகக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய செதில்களாக்கினால் அதுதான் அரக்கு. ஜார்க்கண்டிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் இது பெரிய தொழில். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அரக்குக்கென்றே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆமாம், அமெரிக்காவில் ஓக்லேண்ட் காருக்கு டூகோ அடித்த அதே காலம்தான்! அந்த நாளைய 78 சுற்று கிராமபோன் ரெக்கார்டுகளும் அரக்கால் செய்யப்பட்டவைதான்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மரத்தில் தேய்ப்பதைத்தான் பிரெஞ்ச் பாலிஷ் என்கிறார்கள். பெயர் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது.

இதன் பலவீனங்களை மறைக்க வேண்டியதில்லை. சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். ஸ்பிரிட் பட்டால் கரைந்தே போகும். ஆனால் கரைகிறது என்பதுதான் இதன் பெரிய பலம். புதுசாகத் தேய்க்கும் அரக்கு, பழைய பூச்சைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒன்றாகக் கலந்துவிடும். வளையம் விழுந்த இடத்தில் மட்டும் ஈரப் பொட்டலத்தை நாலு தடவை ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆள் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

ஆக, சீக்கிரம் கெடும் பூச்சில் செய்த சாமான் பல தலைமுறை ஓடுகிறது. எளிதில் கெடாத பூச்சு போட்ட சாமான் ஒரு கீறலில் வீட்டை விட்டு வெளியேறுகிறது. விசித்திரம்தான், ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். வீட்டில் இருப்பவர்களே சரிசெய்ய முடிகிற சாமானைத்தான் வீடு வைத்துக்கொள்கிறது.

தேய்ப்பதற்கு முன்னால்

உப்புத்தாளை எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, அது மரம்தானா? பலகையின் வெட்டு ஓரத்தைப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்தால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அதன்மேல் ஒட்டியிருக்கும் தேக்கு வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். மெஷின் போட்டுத் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் ஓட்டையாகிவிடும். தூளை அமுக்கியது போலத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. அதன் மேலிருப்பது மரம் மாதிரி அச்சடித்த தாள் அல்லது சன்மைக்கா. அதற்குப் பாலிஷ் ஏறாது.

இரண்டாவது, ஏற்கெனவே என்ன அடித்திருக்கிறது? கதவின் உட்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் டூகோ வகை. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பி.யூ. அல்லது மெலமைன் மாதிரி ஏதோ ஒன்று. அரக்கு என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். முழுதாக உரிக்கவே தேவையில்லை. அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளில் லேசாகத் தடவி, மேலேயே புதுப்பூச்சு போடலாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். அது பழைய கலர் பெயிண்டு அடித்த சாமானா? அப்படியானால் அதில் ஈயம் இருக்கலாம். நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் எனாமல் பெயிண்டில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வெகுகாலம் நடந்தது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல்தான் விதி வந்தது; 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை அலமாரி, மஞ்சள் ஸ்டூல், நீலத் தொட்டில் எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். சுவரோரம் சும்மா நின்றால் அது பெரிய ஆபத்து இல்லை. உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் ஈயம் தூசியாகி வீடு முழுக்கப் பரவும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குள் அது போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். போன பாதிப்பு திரும்ப வராது.

அதனால் இப்படிப்பட்ட சாமானை வீட்டுக்குள் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். நல்ல மாஸ்க் போட வேண்டும். கீழே பாலித்தீன் ஷீட் விரித்து, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துச் சுருட்டிவிட வேண்டும், பெருக்கக் கூடாது. குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில் இந்த வேலையே வேண்டாம். உரியாமல் கெட்டியாக இருக்கும் பழைய பெயிண்டின் மேல் புதுப்பெயிண்டு அடித்து மூடுவது சில சமயம் உரிப்பதைவிடப் புத்திசாலித்தனம்.

வேலை

முழு மரம், ஈயம் இல்லை என்று தெரிந்த பிறகு வேலை எளிது. நேரம்தான் எடுக்கும். 80 அல்லது 120 நம்பர் தாளில் ஆரம்பித்து 180, 220, கடைசியில் 320 என்று போக வேண்டும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் பாலிஷுக்குக் கீழே பளிச்சென்று தெரியும். எப்போதும் ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். ஆணி ஓட்டைக்கு, தேய்த்த அதே மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்துப் பட்டி வைக்கலாம். ஆனால் பசை வெளியே பரவினால் அந்த இடத்தில் நிறம் ஏறாது, உடனே துடைத்துவிட வேண்டும். பெயிண்டு ஷாப்பில் வேலை செய்பவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: பூச்சில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை பூச்சுக்கு முன்னால் செய்த குறைகள்தான்.

அரக்கு 150 முதல் 200 கிராம், ஸ்பிரிட் ஒரு லிட்டர். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால் கரையும். இரும்பு டப்பா கூடாது, கறுத்துவிடும். கரைத்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஆறேழு மாதம் போனால் அந்தக் கரைசல் சரியாகக் காயாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். கொஞ்சம் பஞ்சைப் பழைய காட்டன் வேட்டித் துணியில் சுற்றினால் பொட்டலம் ரெடி. மெல்லிசாக, பல தடவை. நின்ற இடத்திலேயே நிற்கக் கூடாது, பொட்டலம் ஒட்டிக்கொள்ளும்.

காலநிலையையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுத்தால் காற்றின் ஈரம் பூச்சில் புகுந்து பால் ஊற்றியது போல வெளுக்கும். மாசி, பங்குனி நல்ல காலம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பாலிஷுக்கான ஸ்பிரிட்டில் பெரும்பாலும் மெத்தனால் கலந்திருக்கும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே விஷம். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பாரதக் கதையில் துரியோதனன் ஏன் அரக்கு மாளிகை கட்டினான் என்பது எல்லோருக்கும் தெரியும்தானே!

இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய். மரத்துக்கு அருமையான எண்ணெய். ஆனால் அதில் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது தானே சூடாகித் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இப்படித்தான் எரிந்தது. மரவேலைக்குப் பயன்படுத்திய எண்ணெய்த் துணிகளை 22-வது மாடியில் விட்டுப்போயிருந்தார்கள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

கப்பலில் வந்த மரம்

இனி இரண்டாவது சம்பந்தம். தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து பாகங்களும் மெஷின்களும் பைன் மரப் பெட்டிகளிலும் பேலட்களிலும் வருகின்றன. பொருளை இறக்கிய பிறகு அந்த மரம் பழைய மரக் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து ஷெல்ப், ஷூ ஸ்டாண்டு, பெஞ்ச், சில வீடுகளில் கட்டிலாகவே மாறும். அறை எடுத்துத் தங்கி ஷிப்டு வேலைக்குப் போகும் பையன்களுக்குத் தேக்கு எட்டாத விலை. பைன் கட்டுப்படியாகும்.

அந்தப் பலகைகளில் சூடு போட்டது போல ஒரு முத்திரை இருக்கும். ஒரு கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்து, அப்புறம் எச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்துகள். மரத்தோடு பூச்சிகள் நாடு தாண்டாமல் இருக்க 2002-ல் வந்த சர்வதேச விதியின் அடையாளம் அது. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேற்றியது. வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அதை விட்டுவிடுவது நல்லது. எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால் முத்திரை எதுவானாலும் வேண்டாம்.

பைனில் ஒரு தொல்லை உண்டு. அதன் கணுக்களில் பிசின் இருக்கும். நேராகப் பெயிண்டு அடித்தால் சில மாதத்தில் அந்த இடம் மட்டும் மஞ்சளாகக் கசியும். அதை அடைக்க மிக நல்ல பொருள் எது தெரியுமா? அரக்குதான்! கணுவின் மேல் இரண்டு கை அரக்கு தடவிக் காயவிட்டு, அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். கடல் கடந்து வந்த மரத்துக்கு ராஞ்சிப் பக்கத்துப் பூச்சியின் மருந்து.

எதை வைத்துக்கொள்வது?

இந்தப் பகுதியில் வீடு மாறுவது அடிக்கடி நடக்கும். கான்ட்ராக்ட் முடியும், வேறு கம்பெனிக்குப் போவார்கள். காலி செய்த அறைகளில் விட்டுப்போவது பெரும்பாலும் உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு சாமான்தான். ஒரு தடவை தண்ணீரில் ஊறிவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது. பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த வீடுகளில் மக்கள் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். முழு மரம் நிழலில் மெல்ல உலர்ந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பூச்சு போயிருக்கும், அதைத் திரும்பப் போடலாம்.

பழையது எல்லாமே பொக்கிஷம் என்று சொல்ல வரவில்லை. செல் அரித்த அலமாரியை வைத்துக்கொண்டு அழ வேண்டியதில்லை. சமையலறைக்குப் பி.யூ. அடிப்பதிலும் தப்பில்லை. ஆனால் மரம் நன்றாக இருந்து மேல்தோல் மட்டும் போயிருக்கிறது என்பதற்காக ஒரு சாமானைத் தூக்கிப் போடுவது நஷ்டம். பணத்துக்கு மட்டுமல்ல. ஒரு தேக்கு மரம் அலமாரி அளவுக்கு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதன் மேல்பூச்சைப் புதுப்பிக்க ஒரு வார இறுதி போதும்.

காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கதவைத் திறந்து உட்பக்க மூலையில் ஒரு பஞ்சு, ஒரு சொட்டு ஸ்பிரிட். பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். பிசுபிசுத்தால், அதைச் செய்த ஆசாரி அடுத்து வருபவர் சரிசெய்துகொள்ளட்டும் என்று வழி விட்டுப்போயிருக்கிறார் என்று அர்த்தம்.